பெரிய மாப்பிள்ளை உட்காராத நாற்காலி

எழுத்தாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தாங்கள் மட்டும் எழுத வராமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது ஒரு துறையில் கொடிகட்டிப் பறந்திருப்போம் என்று அடித்துச் சொல்வார்கள். ஒருவர் பெரிய வக்கீலாகியிருப்பார். இன்னொருவர் விமானம் ஓட்டியிருப்பார். விமானத்தில் போகிறவர்களின் நல்ல காலம், அவருக்குக் கவிதை வந்துவிட்டது.

நம்முடைய ஆள் அவ்வளவு உயரத்துக்கெல்லாம் ஆசைப்பட்டவர் இல்லை. எழுத வராமல் போயிருந்தால் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியிருப்பார். அதுவும் கனவில் கட்டிய கடை இல்லை. கடைவீதியில், மருந்துக்கடைக்கும் ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில், நிஜமான கதவும் நிஜமான நாற்காலியும் போட்டு, வாங்க உட்காருங்க என்று அவரைக் கூப்பிட்ட கடை. இவர்தான் போய் உட்காரவில்லை.

கடை மாமனாருடையது. மாமனாருக்கு இரண்டு பெண்கள், பையன் கிடையாது. மூத்தவளைக் கட்டியவர் என்பதால் நம்மவர் அந்தக் குடும்பத்தில் பெரிய மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் ஒருநாள் மாமனார் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே, கடையை நீங்க பார்த்துக்கறீங்களா என்று கேட்டார். அந்த வாரம்தான் நம்மவருடைய முதல் ஒரு பக்கக் கதை ஒரு வார இதழில் வெளியாகியிருந்தது. கால் தரையிலேயே பாவவில்லை. மார்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எழுத்துதான் மாமா என் மூச்சு."

மாமனாருக்கு இலக்கியம் தெரியாது. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு விட்டுக்கிட்டே கடையில உட்கார முடியாதா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார். ஆனாலும் பெரிய மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது; சின்ன மாப்பிள்ளை வந்தார்; அவருக்குத் தனியாக மூச்சு என்று எதுவும் இல்லாததால் நேராகக் கடையில் போய் உட்கார்ந்தார். மாமனார் காலமான பிறகும் அவரே உட்கார்ந்திருந்தார்.

சின்ன மாப்பிள்ளை கடையில் உட்கார்ந்த அன்று தொடங்கியது நம்மவருடைய இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கையில் அவர் வாரத்துக்கு ஒரு கதை எழுதினார், பக்கத்தின் அடியில் திடுக்கிடும் திருப்பத்தோடு. இரண்டாவது வாழ்க்கையில் மனசுக்குள்ளேயே கண்ணாடிக் கடை நடத்தினார். கடைவீதி வழியாகப் போகும்போதெல்லாம் சகலையின் கடையை ஓரக்கண்ணால் பார்ப்பார். பெயர்ப் பலகையில் ஒரு விளக்கு எரியாது. "நான் உட்கார்ந்திருந்தா இந்த விளக்கு இப்படி அழுதுக்கிட்டு இருக்காது" என்பார். ஷோகேஸில் ஃபிரேம்கள் வரிசை தப்பிக் கிடக்கும். "நான் உட்கார்ந்திருந்தா..." என்பார். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே அந்த இன்னொரு மனிதர் கடைக்கு மாடி எடுத்தார், ஏசி போட்டார், பக்கத்து ஊரில் கிளை திறந்தார். அவருக்குத் தொப்பை போடவில்லை. தலைமுடி கொட்டவில்லை. ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்த இன்னொருவரை வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். குறிப்பாக மனைவிக்கு. அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பு அணைந்தது. உள்ளே இருந்தபடியே கேட்டார்: "ஏங்க, அந்தக் கடைக்காரரு சிலிண்டர் மாத்துவாரா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, மாற்றுவார் என்றார் இவர்.

"அப்ப அவரை இங்க அனுப்பிட்டு நீங்க எழுதப் போங்க."

இந்த நிலையில்தான் சின்ன மாப்பிள்ளையின் மகளுக்குத் தூரத்து ஊரில் குழந்தை பிறந்தது. சகலையும் கொழுந்தியாளும் ஒரு மாதம் போய் இருக்க வேண்டும். கடையை என்ன செய்வது? பக்கத்து மருந்துக்கடைக்காரர் ரொம்ப நாளாகவே நடுச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தால் இடித்துவிட்டு ஒரே கடையாக்கிக்கொள்வார். சகலைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. மகளோடு போய் இருந்துவிடலாமா என்று ஒரு எண்ணம். கொழுந்தியாள்தான், "அத்தான் ஒரு மாசம் உட்காரட்டுமே" என்றாள். அவள் சொன்னது உதவியா, இத்தனை வருஷப் பேச்சுக்குப் பதிலடியா என்று சொல்வது கஷ்டம். அக்கா தங்கை இருவருக்குமே சிரிப்பு கண்ணில்தான் வரும், உதட்டில் வராது.

சகலை விஷயத்தை உடைத்தே பேசினார். ஒரு மாதம் பாருங்கள். சரிப்பட்டு வந்தால் கடை உங்களுக்கு. வராவிட்டால் சுவரை இடிக்கட்டும். மாமனார் கடை மருந்துக்கடையின் குளிர்பானப் பெட்டி வைக்கிற மூலையாகிவிடும், அவ்வளவுதான்.

பெரிய மாப்பிள்ளையால் எப்படி மறுக்க முடியும்? இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் உட்காராமலேயே உட்கார்ந்திருந்தவர் ஆயிற்றே.

ஒரு பிற்பகல் முழுவதும் பயிற்சி நடந்தது. சகலை தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். தலைவலி என்று வருகிறவர்கள், தூரத்தில் தெரியவில்லை என்கிறவர்கள், குழந்தைகள், இவர்களையெல்லாம் தொடவே கூடாது. நேராகக் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நாற்பது தாண்டி, தூரத்தில் நன்றாகத் தெரிகிறது, கிட்டத்தில் படிக்கும்போது மட்டும் எழுத்து கலங்குகிறது என்று வருகிறவர்கள் மட்டும்தான் நம் பொறுப்பு. அதாவது வெள்ளெழுத்து. அதற்கு அளவு பார்ப்பது சுலபம். வட்டமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, முதலில் ஒன்றாம் நம்பர் லென்ஸைப் போட்டு, கையில் படிக்கிற அட்டையைக் கொடுக்க வேண்டும். அட்டையில் எழுத்து மேலே பெரிதாக ஆரம்பித்து, கீழே வரவரப் பொடியாகும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே நிறுத்தி, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். வயது ஏற ஏற நம்பரும் ஏறும். கடைசி வரி எந்த நம்பரில் தெரிகிறதோ, அந்த இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சகலை எல்லாவற்றையும் பற்றி எச்சரித்தார். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொள்ளும். மருந்துக்கடைக்காரர் பேச்சுக்கொடுப்பார், பிடிகொடுக்காதீர்கள். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சாயாதீர்கள். அட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. படிக்கிற அட்டையை எடுத்துத் திருத்துகிற மனிதன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று யார்தான் நினைப்பார்கள்?

அந்த அட்டையை எழுதியவர் மாமனார். கடை திறந்த காலத்தில் தானே உட்கார்ந்து எழுதி, அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தது. அதில் இருந்தது இதுதான்:

"புதன்கிழமை ஏணிக்கு மீசை முளைத்தது. எருமை பதினொன்றேகால் படித்தது. சன்னலை மடித்து வாளியில் ஊற்று. கோபமான கத்தரிக்கோல் மாமாவுக்கு மேற்கே பழுத்தது."

இப்படியே பொடி எழுத்துவரை போகும். கல்யாணமான நாளிலிருந்து பெரிய மாப்பிள்ளையை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் இது. ஒரு மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு பக்கம் எழுதினார், அதையும் இப்படியா எழுதுவார்? ஊரே அதைக் கையில் வாங்கிப் படிக்கிறது, சத்தம் போட்டுப் படிக்கிறது. வார இதழில் வந்த எந்தக் கதைக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

சகலை ரயில் ஏறிய மறுநாள் கடையைத் திறந்தவர் முதல் வேலையாகப் பெயர்ப் பலகையின் விளக்கை மாற்றவில்லை. ஃபிரேம்களை அடுக்கவில்லை. கணினி மையத்துக்குப் போய், தன்னுடைய கதை ஒன்றைப் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும்படி அச்சடித்து, உறை போட்டு எடுத்துவந்தார். மாமனாரின் அட்டையை நான்காக மடித்து நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டம் நின்றுவிட்டது. உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி அவருக்காகவே செய்தது போலிருந்தது.

புதிய அட்டை இப்படி ஆரம்பித்தது: "கொட்டும் மழை. பேருந்து நிறுத்தத்தில் நனைந்தபடி ஒரு மூதாட்டி. அந்த வழியே வந்த விலையுயர்ந்த கார் சட்டென்று நின்றது." காரிலிருந்து கோட்டு போட்ட ஒருவன் இறங்குவான். தன் குடையை அவளிடம் கொடுப்பான். கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், திருப்பம்: "திரும்பி நடந்தவனின் கண்கள் குளமாயின. அந்த மூதாட்டி வேறு யாருமல்ல, பல வருடங்களுக்கு முன் அவன் விட்டுப் பிரிந்த தாய்!"

முதலில் வந்தவர் ஒரு பேருந்து நடத்துனர். நடுவயது, கனத்த குரல். ஃபிரேமை மாட்டி, ஒன்றாம் நம்பரைப் போட்டு, அட்டையைக் கொடுத்தார் நம்மவர். நடத்துனர் ஸ்டாப் பெயர் சொல்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார். எழுத்து சிறுத்தது; அவர் நிற்கவில்லை. இன்னும் சிறுத்தது, குரல்தான் கொஞ்சம் கம்மியது, வேகம் குறையவில்லை. கடைசி வரியை முடித்துவிட்டு ஃபிரேமைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா அவனை அடையாளம் கண்டுக்கிட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

பெரிய மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வார இதழில் எழுதும்போது கடைசி வரிவரை யார் வருகிறார்கள், யார் பாதியில் பக்கத்து விளம்பரத்துக்குப் போகிறார்கள் என்று கண்டாரா? இங்கே கண் முன்னால் ஒரு வாசகர் கடைசி வரி வரைக்கும் வந்து அழுதுவிட்டுப் போகிறார். ஒன்றாம் நம்பர் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்து ஒரு தையல்கார அம்மா. அவரும் கடைசி வரிவரை. ஒன்றாம் நம்பர். பிறகு ஒரு காய்கறிக் கடைக்காரர், ஒரு டைப்பிங் டீச்சர், ஓய்வு பெற்ற தபால்காரர். எல்லோரும் கடைசி வரிவரை, எல்லோரும் ஒன்றாம் நம்பர். சிலர் படித்து முடித்ததும் அட்டையை மறுபடி வாங்கிப் படித்தார்கள். ஒருவர் தன் மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று அழைத்து வந்து, அவருக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை வருஷம் கற்பனையில் கடை நடத்தியவர் இதை மட்டும் கற்பனை செய்திருக்கவில்லை. கடையும் எழுத்தும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற சக்களத்திகள் என்றல்லவா நினைத்திருந்தார்? இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்குப் போனால் மனைவியிடம் சொல்லி மாளவில்லை. அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாருமே கடைசி வரிக்கு வந்துடறாங்களா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். எல்லாருமே என்றார் இவர். மனைவி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

இரண்டாவது வாரத்தில் ஒன்றாம் நம்பர் இழுப்பறை காலியாகிவிட்டது. ஒன்றரை, இரண்டு, இரண்டரை எல்லாம் வாங்கி வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றாம் நம்பர் தீர்ந்துவிட்டது என்று சகலைக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னபோது, அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பிறகு சகலை, "என்ன சகலை, ஊர்ல எல்லாருக்கும் வயசு குறைஞ்சிடுச்சா?" என்றார்.

கைராசி என்று சொல்லிவிட்டுப் பணிவாகச் சிரித்துக்கொண்டார் நம்மவர். மொத்த வியாபாரியிடம் ஒன்றாம் நம்பரை இன்னொரு பெட்டி அனுப்பச் சொன்னார்.

முதலில் திரும்பி வந்தவர் தையல்கார அம்மா. கையில் யாருடையதோ ஒரு சட்டை. பாக்கெட்டின் வாயையும் சேர்த்துத் தைத்திருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைத்தேன் என்றார். இவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொத்த வியாபாரிக்குத் தொலைபேசி போட்டு, தரம் என்பது ஒரு சமூகத்தின் மனசாட்சி என்ற ரீதியில் கொஞ்ச நேரம் பேசினார். மொத்த வியாபாரி, சரிங்க என்றார். அடுத்து நடத்துனர் வந்தார். அவசரத்தில் ஒரு பயணிக்குச் சீட்டு மாற்றிக் கொடுத்து, பேருந்தில் பெரிய ரகளையாகிவிட்டதாம். அவரையும் அந்தச் சரக்கே சரியில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மூன்றாவதாக டைப்பிங் டீச்சர் வந்தார். இவர் லேசில் போகிற ஆள் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தவர். எதிரே யார் நின்றாலும் விரல் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"இதைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா, நீங்கள் கடைசி வரிவரை கடகடவென்று படித்தீர்கள், நானே கேட்டேன் என்றார். சந்தேகம் இருந்தால் மறுபடி படியுங்கள் என்று அட்டையை நீட்டினார்.

டீச்சர் கண்ணாடியைத் தொடவே இல்லை. வெறும் கண்ணோடு அட்டையை வாங்கினார். கொட்டும் மழையில் ஆரம்பித்து, கார் நின்று, குடை கைமாறி, கண்கள் குளமாகி, தாய் வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்து சேர்ந்தார்.

பெரிய மாப்பிள்ளைக்குச் சந்தேகம் தட்டியது. அட்டையை வாங்கி, கீழ்ப்பாதி முழுவதையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இப்போது படியுங்கள் என்றார்.

டீச்சர் அவருடைய கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "திரும்பி நடந்தவனின் கண்கள் குளமாயின. அந்த மூதாட்டி வேறு யாருமல்ல, பல வருடங்களுக்கு முன் அவன் விட்டுப் பிரிந்த தாய்" என்றார்.

"போன தடவை படிச்சது ஞாபகம் இருக்கும்" என்றார் இவர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"போன தடவையும் நான் படிக்கலையே. பாதிக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. கார் நின்னதுமே அது அவன் அம்மான்னு தெரிஞ்சுடுச்சு. மீதிய எதுக்குக் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் படிக்கணும்? நீங்க வேற அவ்வளவு ஆசையா பார்த்துக்கிட்டே இருந்தீங்க. ஆனா மாத்திரை அட்டையில அப்படி முடியல பாருங்க. அதுல கதை இல்ல."

இதோடு விட்டிருக்கலாம். கிளம்பும்போது வாசலில் நின்று டீச்சர் இன்னொன்றும் சொன்னார்.

"என்னைக் கேட்டா, அந்தக் குடையே அந்தம்மாவோடதுதான்னு முடிச்சிருப்பேன்."

அவர் போன பிறகு நம்மவர் தன் அட்டையை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். குடையே அவளுடையது. வீட்டை விட்டுப் போனபோது பையன் தூக்கிக்கொண்டு போனது. எல்லாம் அதில் வந்துவிடுகிறது. இத்தனை நாள் தனக்கு ஏன் தோன்றவில்லை? இது வயிற்றெரிச்சலா, வாசக மகிழ்ச்சியா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு மெல்ல எழுந்தார். நாற்காலியைச் சாய்த்து, மாமனாரின் அட்டையை உருவி எடுத்தார். மடிப்பை நீவிவிட்டார். பில் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தொலைபேசி போட்டார். கண்ணாடியில் ஒரு சின்னக் குறை, வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவர் மூக்கிலும் ஃபிரேமை மாட்டி, மாமனாரின் அட்டையைக் கொடுத்தார்.

நடத்துனர் ஆரம்பித்தார். "புதன்கிழமை... ஏணிக்கு..." நின்றார். அட்டையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே இழுத்தார். "மீசையா சார்? மீசைன்னா போட்டிருக்கு?" மீசைதான், மேலே படியுங்கள் என்றார் இவர். "எருமை..." மறுபடி நின்றார். ஒன்றரை போட்டதும் எருமை படித்தது தெரிந்தது. சன்னலை மடிப்பதற்கு இரண்டு வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் பழுப்பதற்கு இரண்டரை. நாற்பது தாண்டிய அத்தனை பேரும் அந்த அட்டையின் ஒவ்வொரு சொல்லிலும் நின்றார்கள். ஒரு எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, உண்மையாகவே பார்த்தார்கள்.

பெரிய மாப்பிள்ளை அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு வாசகனுக்காகத்தானே அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவன் கிடைத்தது மாமனாருக்கு. அவரோ வாழ்க்கையில் ஒரே ஒரு பக்கம் எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, லென்ஸ் துடைக்கப் போய்விட்டார்.

எல்லோருக்கும் சரியான நம்பரைக் கொடுத்தார். நாற்காலி மறுபடி ஆடியது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மூதாட்டி கதையை நான்காக மடித்து அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தார். மாமனாருடையதைவிடக் கச்சிதமாகப் பொருந்தியது.

மாதம் முடிந்து சகலை ஊர் திரும்பினார். ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே அவருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. நடத்துனர் பேருந்திலேயே சொன்னாராம்: கண்ணாடியில் குறை இருக்கிறது என்று கடைக்காரரே கூப்பிட்டு மாற்றிக் கொடுப்பதை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. தையல்கார அம்மா தன் அக்காவை அனுப்பியிருந்தார். டைப்பிங் டீச்சர் பழைய மாணவர்களை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரில் பேச்சு ஒன்றுதான்: பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு அந்தக் கடைக்கே ஒரு நாணயம் வந்துவிட்டது.

இவர் உண்மையைச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. தப்பு என்னுடையதுதான் சகலை, நான்தான் எல்லோருக்கும் தப்பாகக் கொடுத்தேன் என்றார். சகலை இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தன்னடக்கம்தான் சகலை வியாபாரத்துக்கு முக்கியம், எனக்கு அது வரல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு பேரும் பெரிய மாப்பிள்ளை வீட்டில் கூடினார்கள். சகலை கடைச்சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மருந்துக்கடைக்காரர் காத்திருக்கிறார், உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் நல்லது என்றார். கொழுந்தியாள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய மாப்பிள்ளை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதில் எப்போதோ தயாராக இருந்தது. கடையில் பட்டது போதும். மறுபடி மேசைக்குத் திரும்ப வேண்டும், அந்தக் குடையைச் சரியான ஆளிடம் சேர்க்க வேண்டும். தவிர, கடையை எடுத்துக்கொண்டுவிட்டால், மாடி எடுத்து ஏசி போட்ட அந்த இன்னொரு மனிதர் எங்கே போவார்? மார்பில் கை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

அப்போதுதான் கவனித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. ஆனால் சொல் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துதான். என். மூச்சு. இவர் வாயிலிருந்து வருவதற்கு முன்னாலேயே அங்கே கடைசி வரி முடிந்துவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன டைப்பிங் டீச்சரின் முகம் இவர் கண் முன்னால் வந்து நின்றது.

மார்பில் வைத்த கையை எடுத்தார்.

"சாவியைக் குடுங்க" என்றார்.

சகலை ஆடிப்போனார். கொழுந்தியாள் நகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். அறையில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பெரிய மாப்பிள்ளைக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய எந்தத் திருப்பமும் இப்படி வேலை செய்ததில்லை. என்ன, அதற்காகத் தன் வாழ்க்கையையே செலவழிக்க வேண்டியிருந்தது. மனைவி மட்டும் தலை நிமிரவில்லை. ஒரு சட்டையின் காலரை நீவி, மேலே வைத்தார். கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை.

மறுநாள் காலையில் கிளம்பும்போது மேசையில் மதியச் சாப்பாடு தயாராக இருந்தது. புத்தம் புது டிபன் பாக்ஸ், இறுக்கமான மூடி. பிடியெல்லாம் வைத்து, ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குகிற ரகமில்லை. தூக்கிப் பார்த்தார். அடியில் கடை ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இருந்தது; அதில் ஏற்கெனவே கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"உங்க சகலை ரயில் ஏறின அன்னிக்கு."

இவர் பாக்ஸைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப, நேத்து உதட்டை அசைச்சது?"

மனைவி குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வானம் மூட்டமாக இருந்தது.

"நேரமாச்சு. போய்க் கடையைத் திறங்க" என்றார்.